கப்பலேறிய தீபாவளிப் பொட்டலங்கள்

பொட்டலம் கட்டுகிற தொழிலில் கட்டுவது சுலபம்; உள்ளே என்ன வைப்பது என்று வாடிக்கையாளர் முடிவு செய்வதற்குள்தான் நமக்கு ஆயுசு பாதியாகக் குறைந்துவிடும். கடை மேசைக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கும், பட்டாளத்துக்குப் போன பிள்ளைக்கு எதை அனுப்புவது என்று தெரியாமல் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லாம் நம்ம கட்சி.

மைசூரில், மண்டி மொஹல்லாவில், ஒரு ஷாப்புக் கடையில் எனக்கு வேலை. சோப்பு, சீப்பு, பிஸ்கட், பேனா, மப்ளர் எல்லாம் விற்போம். ஜெர்மன் சண்டை ஆரம்பித்துப் பையன்கள் கப்பலேறியதும் முதலாளி வாசலில் ஒரு பலகை மாட்டினார்: 'கடல் கடந்த சிப்பாய்களுக்குப் பண்டிகைப் பரிசுகள் கட்டி அனுப்பித் தரப்படும்.' சாமானை வாடிக்கையாளர் பொறுக்குவார். ரஹீம் பாய் அதைக் காடாத் துணியில் வைத்துத் தைப்பார். நான் தையல் மேல் அரக்கு முத்திரை வைத்து, காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, இங்கிலீஷில் முகவரி எழுதுவேன். எல்லாரும் என்னை ரைட்டர் என்றே கூப்பிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது என் நாக்கு ஊதா நிறத்தில் இருக்கும்.

இந்த வேலைக்கு என்னைப் பிடித்துப் போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தம்பி தாமுவும் பட்டாளத்தில்தான் இருந்தான். எகிப்துப் பக்கம் மணல்காட்டில் லாரி ஓட்டினான். எங்கள் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் ஒரே சமயத்தில் சேர்ந்து ஒரே லாரிக் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். ஆகவே நான் எழுதுகிற முகவரிகளில் பாதிக்கு மேல் பெயரும் நம்பரும்தான் வேறு. மிச்சமெல்லாம் தாமுவின் முகவரி.

தாமு திரும்பி வரவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் உங்களை அழவைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அவனுடைய கடைசித் தீபாவளிக்கு நான் அனுப்பிய பொட்டலம் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது எனக்குப் பல மாதம் தெரியாமல் இருந்தது. சோற்றைப் பிசையும்போதும் அதே நினைப்பு, அரக்கை உருக்கும்போதும் அதே நினைப்பு. அந்த வருடத்தில் நடந்தவைதான் இவை.

ஆகாத மாதங்கள் இரண்டு

கப்பல் தபால் எங்கள் ஊரிலிருந்து மணல்காட்டுக்குப் போய்ச் சேர இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். ஐப்பசித் தீபாவளிக்குக் கிடைக்க வேண்டுமானால் ஆடியில் தபாலில் போட்டாக வேண்டும். ஆடியில் யார் வீட்டில் பண்டிகைத் துணி எடுப்பார்கள்? இந்த ஊரில் இன்னும் ஒரு சங்கடம். கன்னடக்காரர்களுக்கு ஆகாத ஆஷாட மாதம் நம் ஆடிக்கு முன்னாலேயே பிறந்துவிடும். அவர்கள் அதை முடித்துக்கொண்டு சந்தோஷமாகக் கடைக்கு வரும்போது நம்மவர்கள் ஆடியின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆக, ஏறக்குறைய ஐம்பது நாள் கடையில் யாராவது ஒருவருக்கு நாள் சரியில்லை. கப்பல்காரனுக்கோ ஆஷாடமும் தெரியாது, ஆடியும் தெரியாது.

முதலாளி என்னை முறைக்க ஆரம்பித்ததும் நான் ஒரு வாதம் கண்டுபிடித்தேன். "வாங்குகிற நாள் கணக்கில்லை, உங்கள் பிள்ளை பிரிக்கிற நாள்தான் கணக்கு. அவன் பிரிக்கும்போது அங்கே ஐப்பசி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சாஸ்திரம் போல் ஆகிவிட்டது. பலர் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆடியில் தாமுவின் கம்பெனிக்கு மட்டும் பதினொரு பொட்டலம் என் கையால் போயிற்று.

அக்ரஹாரத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார், மருமானுக்குச் சரிகைக் கரை வேஷ்டி அனுப்ப வந்தார். என் வாதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். வேஷ்டியை வாங்கினார், ரஹீம் பாய் தைத்தார், நான் முத்திரை வைத்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். படி இறங்கப் போனவர் திரும்பி வந்து சொன்னார்: "ஆடி முடியறவரைக்கும் இதைப் பம்பாயிலேயே வெச்சிருந்துட்டு, ஆவணி பொறந்ததும் கப்பல்லே ஏத்தச் சொல்லி மேலே ஒரு வரி எழுதிடுங்கோ; பம்பாயிலே நம்மவா யாராவது இருக்கமாட்டாளா என்ன?"

தலை தீபாவளி எண்ணெய்

வைகாசியில் கல்யாணமாகி, பத்தாம் நாள் கப்பலேறிய மாப்பிள்ளை ஒருவர். தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டில் இருக்க வேண்டியவர் மணல்காட்டில் இருந்தார். மாமனார் ரயில்வேயில் ஸ்டோர்ஸ் கிளார்க். ஜாபிதா எழுதி எடுத்து வந்திருந்தார். வேஷ்டி, துண்டு, லேகியம், சீயக்காய்ப் பொடி. எல்லாவற்றுக்கும் மேலே, கோடு போட்டு, நல்லெண்ணெய்.

எண்ணெயைப் போத்தலில் அனுப்பக்கூடாது, உடையும் என்றேன். தகர டப்பா வாங்கி வந்தார். ரஹீம் பாய் மூடிக்கு மெழுகு வைத்து, துணி சுற்றி, தைத்துக் கொடுத்தார். நான் முகவரி எழுதி முடித்து நிமிர்வதற்குள் எண்ணெய் கசிந்து, மாப்பிள்ளையின் பெயர் ஊதாக் கறையாகப் படர்ந்துவிட்டது. பிரித்தோம். வேறு டப்பா. மறுபடியும் கசிந்தது. மூன்றாம் தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. "அங்கே குடிக்கவே தண்ணீரை அளந்து கொடுக்கிறார்களாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு மனிதர் எங்கே போய்த் தலைமுழுகுவார்?" என்றேன். அவர் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சாவதானமாகச் சொன்னார்: "குளிக்கிறதும் குளிக்காததும் மாப்பிள்ளை இஷ்டம் ரைட்டரே; எண்ணெய் அனுப்பலைன்னு சம்பந்தியம்மா சொல்றது மட்டும் என் காதுல விழக்கூடாது."

ராமாபுரத்து விருந்தாளி

ராமாபுரத்திலிருந்து ஒரு குடியானவர் காலை பஸ்ஸைப் பிடித்துக் கொள்ளேகால் வழியாக வந்து சேர்ந்தார். தோளில் ஒரு மூட்டை. மகனுக்குத் தீபாவளிக்கு அனுப்ப வேண்டும் என்றார். எங்கள் கடையில் நன்றாக விற்கிற சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளினார். "தண்ணியே இல்லைன்னு எழுதியிருக்கானுங்க, சோப்ப வெச்சுட்டு என்ன பண்ணுவானுங்க?" என்றார். முந்தின வாரம்தான் இதே நியாயத்தை நான் சொல்லித் தோற்றிருந்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். பல்பொடியும் தள்ளுபடி ஆயிற்று.

பிஸ்கட் டப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாங்கினார். வாங்கிய கையோடு மூடியைத் திறந்து, பிஸ்கட்டுகளையெல்லாம் கடையில் நின்றவர்களுக்கு விநியோகம் செய்தார். ரஹீம் பாய்க்கு நாலு, எனக்கு நாலு. தானும் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு மூட்டையை அவிழ்த்து, அந்த டப்பாவில் ராகி மாவை அமுக்கி அமுக்கி நிரப்பினார். மிச்ச மாவு மூட்டையில் அப்படியே இருந்தது. தபால் எடைக்கு மேல் ஒரு கைப்பிடியும் போகாது என்று நான் சொன்னதும் அவருக்கு வந்த துக்கம் இருக்கிறதே, பெற்ற பிள்ளையைப் பாதிப் பந்தியில் எழுப்பிவிட்ட மாதிரி நின்றார். குறைந்தபட்சம் பல் தேய்க்கவாவது ஒரு பொடிப் பொட்டலம் வைக்கலாமே என்று ஆறுதலாகக் கேட்டேன். "பல்லு வெளக்கறதெல்லாம் சண்டை முடிஞ்சு ஊட்டுக்கு வந்து பாத்துக்கட்டுமுங்க, மொதல்ல வயித்துக்கு ரெண்டு உருண்டைக் களி போகட்டும்" என்றார்.

நஞ்சன்கூட்டு வாழை

எங்கள் தெருக்கோடியில் ஒரு வாழைக்காய் மண்டிக்காரர். கன்னடக்காரர், என்னிடம் மட்டும் தமிழில்தான் பேசுவார். அவர் தன் பிள்ளைக்கு நஞ்சன்கூட்டு ரசபாளைப் பழம் அனுப்பப் போவதாக வந்து நின்றார். கையில் பச்சைச் சீப்பு இரண்டு. பழம் அழுகிவிடும் ஐயா, பக்கத்துப் பொட்டலங்களும் நாசமாகும், தபாலில் ஏற்க மாட்டார்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்: "பச்சைக்காயா வெச்சா கப்பல்லே ஸ்வல்ப ஸ்வல்பமா பழுத்து, பையன் கைக்குப் போறப்ப கரெக்டா இருக்கும், இருபது வருஷமா காய் பழுக்க வெக்கிறவன் நான், எனக்கு நீங்க சொல்லித்தராதீங்க."

நூல்

ஒரு பெரியவரும் அவர் மருமகளும் வந்தார்கள். சாமான் எல்லாம் பெரியவரே பொறுக்கினார். சவரக் கத்தி, பூட்ஸ் பாலிஷ், ஒரு பனியன். மருமகள் கைக்குழந்தையோடு தூணோரம் நின்றாள். குழந்தை பிறந்தது தகப்பன் கப்பலேறின பிறகு. அவளுக்கு என்ன அனுப்பத் தோன்றுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கூட்டம் அதிகம்.

பெரியவர் வெற்றிலை துப்ப வெளியே போனார். அவள் சட்டென்று மேசைப் பக்கம் வந்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்து வைத்தாள். இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டிருந்தது. முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நூலின் ஒரு நுனியைக் குழந்தையின் உச்சியில் வைத்து மறு நுனியைக் குதிகாலுக்கு இழுத்துக் காட்டினாள். குழந்தையை அளந்தால் வளராது, கண் படும் என்று பெரியவர்கள் திட்டுவார்கள் அல்லவா? அதற்கும் துணிந்து அளந்திருக்கிறாள். வாசலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னது இவ்வளவுதான்: "மாமாவுக்குத் தெரிஞ்சா வைவாருங்கண்ணா, பனியனைக் கட்டற நூலோட நூலா வெச்சுடுங்க; எங்க வீட்டுக்காரருக்குப் புரியும்."

ஒரே கோடு

இது முந்தின வருடத்துச் சங்கதி. வாடிக்கையாளர்கள் யோசித்து யோசித்து எங்கள் உயிரை வாங்கியதால் நான் முதலாளிக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தேன். முன்கூட்டியே பொறுக்கி வைத்த சாமான்கள்: ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர். நம்பரைச் சொன்னால் போதும், தைத்துவிடலாம். இரண்டாம் நம்பர் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒரு சிகரெட் டப்பா, ஒரு சீப்பு, சிவப்புக் கோடு போட்ட ஒரு மப்ளர். அந்தத் தீபாவளிக்குத் தாமுவுக்கும் இரண்டாம் நம்பரையே போட்டேன். நாள் முழுதும் ஊர்ப் பிள்ளைகளுக்கு யோசித்துவிட்டு என் தம்பிக்கு யோசிக்க எனக்குச் சலிப்பாக இருந்தது. பத்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது.

தாமு சாதாரணமாக 'சௌக்கியம், ஒன்றும் வேண்டாம்' என்று இரண்டு வார்த்தை எழுதுகிறவன். அந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே எழுதியிருந்தான். கூடாரத்தில் ஏழு பேருக்கு அதே சிவப்புக் கோடு மப்ளராம். குளிரில் ஏழு பேரும் ஒரே மாதிரி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வெள்ளைக்கார அதிகாரி, இது என்ன புது யூனிபாரம் என்று கேட்டாராம். அடுத்த தடவை நீயே பார்த்து எனக்கென்று எதையாவது அனுப்பு, நம்பர் போட்டு அனுப்பாதே என்று முடித்திருந்தான். வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தான். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இந்தக் கடிதத்தை முதலாளியிடம் வாசித்துக் காட்டினேன், இரண்டாம் நம்பரை நிறுத்திவிடுவார் என்ற நம்பிக்கையில். அவர் ரசித்துக் கேட்டுவிட்டு, "ஏழு பேருக்கா? பேஷ்! இந்த வருஷம் பச்சைக் கோடு வரவழைச்சிடுவோம்" என்றார்.

எங்கள் வீட்டுப் பொட்டலம்

ஆகவே இந்தத் தடவை தாமுவுக்கு நானே பார்த்துப் பொறுக்குவது என்று உறுதி செய்துகொண்டேன். வந்தது வினை. பேனாவை எடுப்பேன், எழுதாத பையனுக்குப் பேனா எதற்கு என்று வைத்துவிடுவேன். தோல் பெல்ட்டை எடுப்பேன். பட்டாளத்தில் அதுதான் கொடுக்கிறார்களே என்று வைத்துவிடுவேன். கடையில் இருந்த அத்தனை சாமானும் என் கைக்கு வந்து திரும்பிப் போயிற்று. ஊரார் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிஷத்தில் சொன்னவனுக்குக் கூடப்பிறந்தவனுக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை. அம்மா அரிசிமாவில் வளையம் வளையமாகப் பொரிக்கிற கோடுபளை பிடிக்கும், அது ஒன்றுதான் தெரிந்தது. ஆடியில் பண்டிகைப் பலகாரத்துக்கு எண்ணெய் வைக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். பிரிக்கிற நாள்தான் கணக்கு என்று கடையில் முழங்கியவன் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அம்மாவை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். பொட்டலத்தில் வேறு என்ன வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆடி எனக்கு ஒரு சாக்காக ஆயிற்று.

ஆவணியில் அம்மாவுக்குக் காய்ச்சல். அது விட்டதும் மஹாளய பட்சம். பித்ருக்களுடைய நாட்களில் பலகாரமாவது, பண்டிகையாவது. அது முடிந்ததும் தசரா. மைசூரில் தசரா என்றால் கடைக்காரனுக்குத் தலையைத் தூக்க நேரம் கிடையாது. வெளியூர்க் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். ஜம்பூ சவாரி என்கிற யானை ஊர்வலம் முடிந்து, ஊர் காலியாகி, நான் மூச்சு விட்டுப் பார்த்தபோது ஐப்பசி பிறந்திருந்தது. மோட்டார் சாமான் கடை வாசலில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தது அப்போதுதான். டிரைவர்கள் புழுதிக்குப் போட்டுக்கொள்கிற, பக்கமெல்லாம் மூடிய கண்ணாடி. மணலில் லாரி ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்? மூன்று மாதமாகத் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் நான் போய் வந்துகொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கண்ணாடியையும் ஒரு டப்பாக் கோடுபளையையும் ரஹீம் பாயிடம் கொடுத்தேன். தீபாவளிக்கு இன்னும் இரண்டே நாள். பாய் பலகைக்கு அடியில் கையை விட்டு, மடித்து வைத்திருந்த ஒரு காடாத் துண்டை எடுத்து உதறினார். நல்ல அடர்த்தியான துணி. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: "இது உங்க தம்பிக்குன்னு ஆடி மாசமே ஒதுக்கி வெச்சது ரைட்டரே, கேப்பீங்க கேப்பீங்கன்னு பார்த்தேன்."

அதையே கொடுங்கள்

மார்கழியில் தந்தி வந்தது. பின்னால் வந்த கடிதத்தில், லாரி கண்ணிவெடியில் சிக்கிக்கொண்டதாகவும், அது நடந்தது கார்த்திகையில் என்றும் இருந்தது. வேறு விவரம் இல்லை. நான் பொட்டலம் போட்ட தேதியையும் அந்தத் தேதியையும் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினேன். ஐந்து ஐந்தரை வாரம். சில பொட்டலங்கள் அவ்வளவு சீக்கிரம் போனதும் உண்டு. கப்பல் சுருக்கப் போயிருந்தால், பம்பாயில் சுணங்காமல் இருந்திருந்தால். அம்மா ஒரே ஒரு தடவை, "கோடுபளை சாப்பிட்டிருப்பானாடா?" என்று கேட்டாள். சாப்பிட்டிருப்பான் அம்மா என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காரியங்கள் முடிந்து கடைக்குத் திரும்பினேன். வேறு என்ன செய்வது? பென்சிலும் அரக்கும் வைத்த இடத்தில் இருந்தன.

திரும்பிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஒரு அம்மாள் வந்தார். மகன் புதிதாகச் சேர்ந்து கப்பலேறியிருக்கிறான். சித்திரை வருஷப் பிறப்புக்கு இப்போதே அனுப்பிவிட வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். என் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டு, பெரிய பாரம் இறங்கின முகத்தோடு சொன்னார்: "உங்க தம்பியும் அங்கேதான் இருக்காராமே, அவருக்கு என்ன அனுப்பினீங்களோ அதையே கொடுங்கப்பா, எனக்கு யோசனையே வேண்டாம்."

விடுப்பில் வந்தவர்

சித்திரையில் ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம். இடது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு சிப்பாய் வந்தார். பெயர் மாணிக்கம், இதே ஊர்க்காரர், காயத்துக்காக விடுப்பில் வந்திருந்தார். கூட்டாளிகளுக்குச் சிகரெட்டும் பீடியும் அனுப்ப வேண்டும் என்றார். ரஹீம் பாய் தைத்துக் கொடுக்க, நான் பென்சிலை நாக்கில் தொட்டு எழுத ஆரம்பித்தேன். கம்பெனிப் பெயரை நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "நீங்க தாமு அண்ணன்தானே?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "இந்த எழுத்தைத் தெரியாதா எங்களுக்கு?" என்றார்.

என் பொட்டலம் தாமுவின் கைக்குக் கிடைத்ததா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் பிஸ்கட் ஜாடிகளைப் பார்த்தபடி பதில் சொன்னார். என் பொட்டலம் தை மாதம்தான் போய்ச் சேர்ந்ததாம். ஆள் இல்லாத பொட்டலத்தைக் கூடாரத்தில் பங்கு போட்டுக்கொள்வது அவர்கள் வழக்கமாம். கோடுபளை ஒன்றுகூட உடையவில்லை, எல்லாரும் தின்றோம், கண்ணாடியைப் புதிதாக வந்த டிரைவர் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான் என்றார். நல்லதாயிற்று என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. தீபாவளிக்கு எதிர்பார்த்தானா என்று கேட்டேன்.

"தீபாவளிக்கு முந்தின வாரம் தபால் லாரி வந்துச்சு" என்று ஆரம்பித்தார். "ஹவில்தார் முதல் பொட்டலத்தைத் தூக்கினதுமே தாமு தூரத்துல இருந்து பார்த்துட்டு, எங்கண்ணன் எழுத்துன்னு எழுந்து ஓடினான். போய்ப் பார்த்தா என் பேரு. சிரிச்சுக்கிட்டே வந்து உக்காந்தான். அடுத்ததும் உங்க எழுத்து. மறுபடி ஓடினான்." பெயரும் நம்பரும்தானே வேறு, தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒன்றுதான். அவனுடைய பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதினவன் நான். என் எழுத்தை அவன் எத்தனை தூரத்திலும் கண்டுபிடிப்பான். அப்புறமாவது விட்டுவிட்டானா என்று கேட்டேன். மாணிக்கம் இல்லை என்று தலையை ஆட்டினார். "கடையில ஊரார் பொட்டலத்தை முதல்ல அனுப்பிட்டு எங்க வீட்டுதைக் கடைசியாத்தான் அனுப்புவார் எங்கண்ணன், அவர் குணம் அதுன்னு எங்ககிட்ட சொன்னான். மொத்தம் பதினொண்ணு வந்துச்சு ரைட்டரே. பதினொண்ணுக்கும் எழுந்து போனான், ஒண்ணுக்குக்கூட உக்காந்திருக்கல."

ஊரார் வீட்டுத் தீபாவளியை ஒருநாளும் பிந்தாமல் கடல் கடத்தியவன் என்று மண்டி மொஹல்லாவில் எனக்கு இன்றைக்கும் நல்ல பெயர் இருக்கிறது, நானும் அதை மறுப்பதில்லை.